கீல்வேந்தன் ஸ்டாண்டி நிறுத்திய படலம்

மடங்குவன யாவற்றையும் மடக்கி, விரிவன யாவற்றையும் விரித்து, இரண்டு லட்சம் முறை மடித்தாலும் முனகாத கீலினை மயிரிழை நுழையா இடைவெளியில் பொருத்திய தடக்கை வீரனே! கழுத்திலே அடையாள அட்டை ஆரமெனத் துலங்க, சட்டைப்பையிலே சிறு திருப்புளி உறையிட்ட வாளெனத் துயில, மடிக்கும் போனின் கீல்பிரிவில் வீற்றிருக்கும் பொறியியற்கோவே! உன் தோளை வாழ்த்தி, உன் முழங்கையை வாழ்த்தி, அன்று முக்கால் மணிநேரம் மரத்துப்போன உன் வலது கட்டைவிரலையும் தனியாக வாழ்த்தி இக்கதையைத் தொடங்குகிறோம். சொல்லில் குற்றமிருப்பின் சான்றோர் பொறுத்தருள்க. கீலில் குற்றமிருப்பின் ரசீதோடு சர்வீஸ் சென்டருக்குச் செல்க.

அலுவலகத்தார் அவனை 'மடக்கு' என்றே அழைத்தனர். கைபேசி செய்து விற்கும் அந்நிறுவனத்தில் அவன் பெயரைச் சொன்னால் திரும்பாதவர்கூட மடக்கு என்றால் திரும்புவர். ஆயினும் அவன் புகழ் எட்டாத வீடு ஒன்று உண்டு. அது அவன் மனைவியின் பிறந்த வீடு. மாமனார் முப்பது ஆண்டு பேருந்து நடத்துநராக நின்று ஓய்வுபெற்றவர். திருமணமாகி மூன்றாண்டு கடந்தும், மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை. ஒருமுறை மகள் "கீல்ப்பா, கீலு" என்று விளக்க, அதை அவர் அப்படியே உறவினரிடம் சொல்ல, அவர்கள் அதைக் கீல்வாதம் என்று கொள்ள, மறுநாள் காலை மனைவியின் பெரியம்மா தொலைபேசியில் வந்து, "மாப்பிள்ளை, முட்டி ரெண்டும் பிடிச்சிக்கிச்சு, என்ன தைலம் தேய்க்கலாம்?" என்று வினவிய வரலாறும் உண்டு. வீரன் அன்று அடைந்த நாணம் போர்க்களத்தில் குடை பறிகொடுத்த மன்னரும் அடையாதது.

அந்நாணம் துடைக்கும் நன்னாள் வந்தது. நிறுவனத்தின் பொருளை வாங்கிப் பயன்படுத்துவோரையும் ஊழியரின் குடும்பத்தாரையும் ஆண்டுக்கொரு முறை அழைத்துக் கூட்டும் பயனர் சந்திப்பு, ஒரு சனிக்கிழமை காலை, மூன்றாம் மாடிக் கூடத்தில் ஏற்பாடாயிற்று. தலைமை அதிகாரி பேசியபின், கீலின் பெருமையை மேடையேறி ஐந்து நிமிடம் எடுத்துரைக்கும் பொறுப்பு மடக்கினுடையது. மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் மகளோடு வந்துகொண்டிருந்தார்; மூன்றாம் வரிசையில் அவர்களுக்கு நாற்காலி ஒதுக்கியாயிற்று. இன்று விளங்கிவிடும் என்று வீரன் உள்ளம் பூரித்தான்.

அப்பூரிப்பின் நடுவே எழுந்தது ஓர் அபயக்குரல்.

"யாராவது வந்து இந்த ஸ்டாண்டிய நிக்க வைங்களேன், ப்ளீஸ்! இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கு."

குரலுக்குரியவள் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். நாற்காலி எண்ணி, மைக் சோதித்து, வராத தண்ணீர்ப் பாட்டில்களை வரவழைத்து, காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட இறங்காத தொண்டையினள். அவள் சுட்டிய இடத்தில், மேடையின் நட்ட நடுவே, படுத்திருந்தது பகை. அலுமினியப் பெட்டி ஒன்று. அதனுள் சுருள்வில்லைச் சுற்றிச் சுருண்டு கிடக்கும் ஆளுயரத் துணி. அதில் 'வருக வருக' என்னும் கொட்டை எழுத்து. துணியை இழுத்து மேலே மாட்ட மூன்று துண்டாகப் பிரியும் கம்பி. உலகில் எல்லோரும் ஒரு நிமிடத்தில் நிறுத்துவது அது.

வீரன் சட்டைக் கையை மடித்தான். அதையும் இரு கையிலும் ஒரே அளவில் மடித்தான். பின்னர்க் கூடம் அதிர முழங்கினான்: "தள்ளுங்க எல்லாரும். மடங்கறதும் விரியறதும்தான் என் பொழப்பே!"

உழிஞை சூடிய வேந்தன் கோட்டை வாயிலை அணுகுவதுபோல் அணுகி, துணியின் தலையைப் பற்றி, வில்லை நாணேற்றுவதுபோல் மேலே மேலே இழுத்து, கம்பியின் நுனியில் மாட்டியும் மாட்டாத அக்கணத்தில், சர்ரென்று சீறி உள்ளே பாய்ந்தது துணி. பாயும்போது வீரனின் அடையாள அட்டையையும் கயிற்றோடு கவ்விச் சென்றது. குனிந்த தலை நிமிரவொட்டாமல் பெட்டியோடு கட்டுண்டு நின்றவனைப் புகைப்படக்காரர் விடுவித்தார். விடுவிக்குமுன் ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

இரண்டாம் முறை இழுத்தான், நின்றது. வெற்றியை வியக்க இரண்டடி பின்வாங்கினான். அது மதங்கொண்ட களிறு மண்ணில் வீழ்வதுபோல் முன்னே வீழ்ந்து, வராமல் வந்த தண்ணீர்ப் பாட்டில்களை நாற்புறமும் சிதறடித்தது. மூன்றாம் முறை முழந்தாளிட்டு ஆராய்ந்தான். கம்பியின் உச்சியில் துணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் மூடி, எந்த ஆண்டோ எந்தக் கூட்டத்திலோ, பாதி உடைந்திருந்தது.

"நுனி உடைஞ்சிருக்கு! மிஞ்சினது ஒன்றரை மில்லிமீட்டர்தான்!" என்று எழுந்து அறிவித்தான் வீரன், எதிரியின் உயிர்நிலை கண்டவன்போல.

"சரி சார், இப்போ நிக்குமா நிக்காதா?" என்றாள் பொறுப்பாளர்.

அக்கேள்விக்கு விடை கூறுமுன், கதவு திறந்து தலைமை அதிகாரி பரிவாரத்தோடு உள்ளே வந்துவிட்டார். பயனரெல்லாம் எழுந்து கைதட்டினர். அவள் பல்லைக் கடித்துக் கிசுகிசுத்தாள்: "பின்னாடி போய் அப்படியே பிடிச்சிக்கோங்க. அஞ்சே நிமிஷம். படம் எடுத்ததும் ஓரமாத் தூக்கி வச்சிடலாம்."

அந்த ஐந்து நிமிடம் வளர்ந்தது. அதற்குள் மாமனாரும் மகளும் வந்து மூன்றாம் வரிசையில் அமர்ந்தனர். தலைமை அதிகாரி தாம் முதன்முதலில் வாங்கிய ரேடியோவிலிருந்து பேச்சைத் தொடங்கினார். துணிக்குப் பின்னே, தூணினும் தூணாய், உயர்த்திய கரம் உயர்த்தியபடி, உடைந்த நுனியைக் கட்டைவிரலால் அழுத்தி நின்றான் வீரன். பத்தாம் நிமிடம் தோள் கனத்தது. இருபதாம் நிமிடம் முழங்கை தனக்கு உரியதன்று என்று தோன்றிற்று. முப்பதாம் நிமிடம் மூக்கின் நுனியில் ஒரு நமைச்சல் பிறந்து, வளர்ந்து, பேரரசாகிப் பரவியது. சொறியக் கை இல்லை, இடக்கை கம்பியின் இடுப்பில் இருந்தது. அவையோருக்கோ பெட்டியின் இருபுறமும் பிதுங்கிய இரண்டு ஷூக்கள் மட்டுமே தெரிந்தன.

அப்போதுதான் அறிவிப்பு முழங்கிற்று: "அடுத்ததா, நம்ம மடிக்கிற போனோட கீலை உருவாக்கின பொறியாளர் மேடைக்கு வரணும்!"

கரவொலி எழுந்தது. எவரும் வரவில்லை. தலைமை அதிகாரி அத்துணிக்கு நேர் முன்னே நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையை எடுத்தால் 'வருக வருக' அவர் தலைமேல் வரும். எடுக்காவிட்டால் மூன்றாண்டு நாணம் முப்பதாண்டு ஆகும். வீரன் கலங்கினான். துணிக்குப் பின்னிருந்து, "இங்கதான் இருக்கேன்" என்று மெல்லிய குரல் வர, கூடம் துணியையே உற்று நோக்கியது.

மூன்றாம் வரிசையில் மாமனார் மகள் பக்கம் குனிந்தார். "ஏம்மா, அந்த பேனருக்குக் கீழ தெரியுற ஷூ மாப்பிள்ளையோடது இல்ல?"

"ஆமாப்பா, அவரேதான்."

அவர் எழுந்தார். யாரிடமும் எதுவும் கேளாமல் ஓரமாக மேடையேறித் துணிக்குப் பின்னே போனார். வியர்த்துக் கொட்டி நின்றவனைக் கண்டார். "விடுங்க மாப்பிள்ளை, நான் பிடிக்கிறேன்."

"மாமா, வேணாம், கை வலிக்கும்…"

"முப்பது வருஷம் ஓடுற பஸ்ல கம்பியப் பிடிச்சே நின்னவன் நான். இது நிக்கிற கட்டடம். போங்க, கூப்பிடுறாங்க."

மேல் கம்பியை ஒரு கை எட்டிப் பற்றியது. கால் சற்றே அகன்றது. துணி இம்மியும் அசையவில்லை. வீரன் வெளியே வந்து, மரத்த வலக்கையை இடக்கையால் தூக்கி மைக்கில் வைத்து, பேசினான். மூன்றாம் வரிசையின் காலி நாற்காலியைப் பார்த்துத் திகைத்து, பின்பு முகத்தைச் சற்றே பின்புறம் திருப்பி, துணிக்குக் கேட்கும்படி பேசினான். கீல் என்றால் என்ன, அதைச் செய்ய எத்தனை மாதம், எத்தனை உடைந்தன, உடைந்தபோதெல்லாம் ஏன் இரவு உணவில் எரிச்சலாக இருந்தான் என்பதுவரை சொன்னான். ஐந்து நிமிடம் ஒன்பதாயிற்று. கைதட்டு ஓய்ந்தபின்னும் துணிக்குப் பின்னிருந்து ஓர் ஒற்றைக் கை தொடையில் தட்டும் ஓசை கேட்டது. மற்றொரு கை கடமையில் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் துணியைத் தாமே மெல்ல இறக்கிச் சுருட்டினார் மாமனார். "முகம்தான் தெரியல. பேச்சு நல்லாக் கேட்டுச்சு," என்றார். சற்று யோசித்து, "ரெண்டு லட்சம் தடவை மடிச்சாலும் ஒண்ணும் ஆகாதா?"

"ஆகாது மாமா."

"அப்போ இந்தக் கருமத்தையும் நீங்களே செஞ்சிருக்கலாம்ல?"

எண்டிசையும் கேட்க நகைத்தான் கீல்வேந்தன். உடன் நகைத்தார் முப்பதாண்டு நின்ற பெருமகனார். வாகை சூடிய இரு வேந்தர் தேரேறி நகர்வலம் வருவதுபோல், ஒருவர் தோளில் ஒருவர் கையிட்டு, சிதறிய பாட்டில்களைக் கடந்து, நீண்ட நடைக்கூடத்தின் வழியே உணவறை வாயிலை அடைந்து, வெற்றிப் பானம் வேண்டிப் பொத்தானை அழுத்தினர்.

காபி மெஷினில் பால் தீர்ந்துபோயிருந்தது.