பதினெட்டாவது ஆப்ஷன்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

ஒரே ஒரு கமாண்டுக்குப் பின்னால் நாற்பத்தொரு ஆப்ஷன் எதற்கு? எனக்குத் தெரியவில்லை. ஆறு வருடம் முன்புவரை இதே குழுவை நடத்திவிட்டுக் கைக்கடிகாரத்தோடு ஓய்வுபெற்ற உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்று எழுதுகிறேன். நீங்களும் அக்காவும் நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

சிப்பைச் செய்வதற்கு முன் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கிறோமே, அந்தச் சிமுலேஷனைக் கிளப்பும் கமாண்டைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு புது சிப்புக்கும் பழையதை அப்படியே காப்பி அடிக்கிறோம். எந்த ஆப்ஷன் எதற்கு என்று கேட்டால், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்கிறார்கள். என் திரையில் அது ஐந்து வரியாக மடிந்து கண்ணை உறுத்தியதால், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒன்று, எப்போதோ அழித்துவிட்ட ஃபோல்டரைத் தேடிக்கொண்டிருந்தது. பதினேழு போயும் ஒன்றும் ஆகவில்லை, துணிச்சல் வந்துவிட்டது. பதினெட்டாவதை எடுத்ததும் முந்நூற்றுப் பன்னிரண்டு பிழைகள். டிசைனில் தப்பு நடந்தால் கத்துவதற்கென்று நாமே எழுதி வைத்த காவல் வரிகள் அத்தனையின் வாயையும் அது பொத்தி வைத்திருக்கிறது. மூன்று மாதமாக எல்லா டெஸ்ட்டும் பாஸ் என்று கேக் வெட்டினோம், அத்தான். நாளை நான் கையெழுத்துப் போட்டால் சிப் தொழிற்சாலைக்குப் போய்விடும், அப்புறம் தொடவே முடியாது. மேலாளரிடம் காட்டினேன். என் மகளைவிட நாலு வயது மூத்தவர். நெடுநேரம் யோசித்தார்.

"அதத் திரும்பப் போட்டுட்டா பாஸ் ஆயிடும்ல மேடம்?"

இதைப் போட்ட புண்ணியவான் யாரென்று நேரடியாகச் சொல்ல அக்காவுக்காகத் தயங்குகிறேன். உங்க காலத்து வேலைதான், சந்தேகமே இல்ல. போன் பண்ணி ஒத்துக்கிட்டா மரியாதையா முடிச்சுக்கலாம்.

அக்காவுக்கு அன்பு. உங்கள் முழங்காலையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

இன்னும் கையெழுத்துப் போடாத,
உங்கள் மைத்துனி

பி.கு.: நேற்றே இதை அனுப்பாதது நல்லதாயிற்று. இன்று நான் கையெழுத்துப் போடவில்லை. பார்த்தவரையில் அந்தப் பிழைகளில் பாதிக்குமேல் டிசைனில் இல்லை, காவல் வரிகளே தப்பு. ஆனால் ஒன்று நிஜம். மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தூங்கப் போன சிப் திரும்ப எழுந்திருக்காது. பிறகு, உங்களைச் சாட்சியோடு பிடிக்கலாமென்று அந்தக் கமாண்ட் இருக்கும் கோப்பின் பழைய பதிவுகளைத் திறந்தேன். பதினோரு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பதினெட்டாவதைச் சேர்த்த இடத்தில் என் பெயரில் ஒரு குறிப்பு: 'தற்காலிகம். திங்கட்கிழமை எடுத்துவிடுகிறேன்.'

மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"பரவால்ல மேடம்," என்றார். "எந்தத் திங்கட்கிழமைன்னு நீங்க போடலையே."