எல்லாருக்கும் போன மெசேஜ்

காலை எட்டு மணிக்கு ஞானதாஸின் போன் 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தான்.

"மேனேஜர் ஒரு தூங்குமூஞ்சி. தேவசகாயம் வைக்கிறது சாம்பாரில்ல, குளத்துத் தண்ணி."

அனுப்பியது வேறு யாருமில்லை, கம்ப்யூட்டர் தானாகச் செய்ய அவன் எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு, ஷெல் ஸ்கிரிப்ட்தான்.

சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு கடலோர ரிசார்ட்டில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. அந்த ஸ்கிரிப்ட் தினமும் செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, ஊழியர்கள் எண்பது பேரின் நம்பரையும் அன்றைய டூட்டியையும் படித்து மெசேஜ் அனுப்பும். ஃபைலைப் படிக்க முடியாவிட்டால், சோதனைக்காக அவன் உள்ளே எழுதி வைத்த நம்பரையும் மெசேஜையும் எடுத்துக்கொள்ளும். சோதனைக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தொலைத்திருக்கக் கூடாதா!

இன்றைக்கென்று பார்த்து, அவனை நிரந்தரமாக்கும் கடிதத்தில் மேனேஜர் உலகநாதன் கையெழுத்துப் போட வேண்டிய நாள்.

தப்பு சீக்கிரமே பிடிபட்டது. நேற்று அழகாக இருக்கட்டும் என்று ஃபைலின் பெயரை இரண்டு வார்த்தையாகப் பிரித்து, நடுவே இடம் விட்டிருந்தான். ஸ்கிரிப்ட் அதை இரண்டு ஃபைல் என்று நினைத்துக்கொண்டு திணறியிருக்கிறது. பெயரை ஒட்டவைத்து மறுபடி ஓட்டினான்.

டிங். அதே தூங்குமூஞ்சி.

ஃபைலுக்குள்ளேயும் அழகு பார்த்திருந்தான். ஒவ்வொரு சமக்குறிக்கும் இரண்டு பக்கமும் இடம். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லுக்கு அது ஆகாது. ஃபைலின் மேல்பாதியில் எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு ஓட்டினான். கீழ்ப்பாதியை மறந்துபோனான்.

டிங்.

மூன்று தடவை! வெட்கம் பிடுங்கித் தின்றது. எண்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது? வெளியே வந்தால், எதிரே சமையல்காரர் தேவசகாயம் சிரித்துக்கொண்டே வருகிறார்.

"இன்னா ஞானம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? நாஸ்தா துன்னியா?"

"அண்ணாத்த, மன்னிச்சிடு. உன் சாம்பார குளத்துத் தண்ணின்னு சும்மா வெளாட்டுக்குதான் எழுதுனேன்."

தேவசகாயத்தின் சிரிப்பு நின்றது. "எத்த? என் சாம்பாரையா?"

போனை இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது. தானே உளறிவிட்டது அப்போதுதான் ஞானதாஸுக்கு உறைத்தது. தேவசகாயம் கரண்டியோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், "டேய், வேற யாருக்குடா என் சாம்பார் குளத்துத் தண்ணி?" என்று வரிசையாக விசாரிக்க ஆரம்பித்தார்.

சரி, மேனேஜராவது போனைப் பார்க்கும் முன் நாமே சொல்லிவிடுவோம் என்று ஓடினான்.

மேனேஜர் அறைக்குள்ளே துப்புரவு வேலை பார்க்கும் ஆராயியக்கா தரை துடைத்துக்கொண்டிருந்தாள். உலகநாதன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

"சார், உங்கள தூங்குமூஞ்சின்னு எழுதுனது நான்தான் சார்!"

அவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். "யாரு தூங்குனா? தலைவலிய்யா எனக்கு!"

"எண்பது பேருக்கும் போயிடுச்சி சார். மூணு வாட்டி."

"எண்பது பேருக்குமா!" மேனேஜரின் முகம் சிவந்தது. கையெழுத்துக்காக முன்னால் இருந்த கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு, படாரென்று மூடினார். "எப்படிய்யா போச்சு?"

ஞானதாஸ் கூனிக்குறுகி, ஒன்று விடாமல் சொன்னான். பெயரில் விட்ட இடம், சமக்குறி, செட்டிங்ஸ் ஃபைலை ஸ்கிரிப்ட் மூன்று தடவையும் படிக்காதது, அதனால் உள்ளே இருந்த சோதனை மெசேஜை எடுத்து அனுப்பியது. சொல்லச் சொல்ல அவன் தலை மேஜைக்கும் கீழே போய்விட்டது.

ஆராயியக்கா துடைப்பதை நிறுத்தினாள்.

"ஏம்ப்பா, எங்க நம்பருலாம் அந்த ஃபைலுலதானே கீது? அதையே படிக்கலன்னா, உன்னத் தவிர வேற யாருக்குப்பா மெசேஜ் போயிருக்கும்?"