டர்போ அண்ணனும் தாப்பா மேடும்

மனைவியைக் காரில், ஏர்கோன் அடைக்காமல், கேமரன் மலைக்கு ஏற்றிவிட வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மனிதர் பூமியில் பிறப்பாரா என்று கேட்டால், பிறப்பார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் எங்கள் எதிர்வீட்டிலேயே இருந்தார். டர்போ அண்ணன் என்றால் எல்லோருக்கும் தெரியும். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அது தபால்காரருக்கே மறந்துபோயிருந்தது. இத்தனைக்கும் அவர் காரில் டர்போ கிடையாது.

அதைக் கார் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். சிவப்பு நிறத்தில் தீப்பெட்டிபோல இருக்கும். அந்த மாதிரிச் சின்னக் கார் வைத்திருந்த மலேசியர்கள் அத்தனை பேருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மேடு வந்தால் கை தானாகப் போய் ஏர்கோனை அடைக்கும். குளிருக்குப் போகிற சக்தியைப் பிடுங்கிச் சக்கரத்துக்குக் கொடுத்தால்தான் வண்டி ஏறும். அண்ணன் கார் பினாங்குப் பாலத்தின் நடுவில் இருக்கும் சின்ன மேட்டுக்கே யோசிக்கும்.

கல்யாணமான புதிதில் அந்தக் காரில்தான் ராணி அக்காவைக் குளிர் பார்க்கக் கேமரன் மலைக்கு அழைத்துப் போனார். தாப்பாவில் மலைப்பாதை தொடங்கியதும் ஏர்கோனை அடைத்தார். இரண்டு வளைவு தாண்டியதும் வண்டி திணறியது. அக்கா கூறைச் சேலையோடு இறங்கி நடந்தார். "மேல போய் நிக்கிறேன், மெதுவா வா" என்று அண்ணன் காரை உருட்டிக்கொண்டு போனார். அந்த நேரம் பார்த்து, காய்கறித் தோட்டங்களுக்குக் கோழி எரு ஏற்றிப் போன லாரி ஒன்று அக்காமேல் இரக்கப்பட்டு நின்றது. லாரி அண்ணனைத் தாண்டிப் போனபோது அக்கா மேலிருந்து கையசைத்தாராம். அண்ணன் மலையுச்சிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது அக்கா இரண்டாவது கறிபாப்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எம்பொண்டாட்டிய கோழி எரு லாரிக்காரன் மலை ஏத்திட்டான் தம்பி." நான் குடிவந்த அன்று, என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அண்ணன் என்னிடம் சொன்ன வாக்கியம் இது.

கார் புகை கக்க ஆரம்பித்தது நான் அங்கே இருந்தபோதுதான். டத்தோ கிராமாட்டில் பட்டறை வைத்திருந்த ஆ செங், இஞ்சினைப் பிரித்துப் பார்த்து, ரிங்கையும் கேஸ்கெட்டையும் மாற்றினால் போதும் என்றார். அண்ணன் ஒத்துக்கொள்வாரா?

"தொறந்தது தொறந்தாச்சு. அப்படியே டர்போவும் வச்சிருவோம் லா."

"சின்ன இஞ்சின் லா, போஸ். வெடிச்சிரும்," என்றார் ஆ செங், எங்களோடு பழகிக் கற்ற தமிழில்.

அதற்கும் அண்ணனிடம் திட்டம் இருந்தது. எல்லாம் பழைய சாமான். கையைக் கடிக்காத டர்போ. தடித்த கேஸ்கெட் போட்டால் இஞ்சின் தாங்கும். எண்ணெய்க் குழாயை மாக் மண்டினில் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் கழிவு இரும்பில் தேடிக்கொள்ளலாம். பட்டறையில் இடமில்லை என்று ஆ செங் கைவிரித்ததும், இஞ்சினை மார்க்கெட் தள்ளுவண்டியில் வைத்து லிஃப்ட்டில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. "பாத்தியா தம்பி, இதுக்கும் டர்போ இல்ல," என்றார் தன்னோடு உள்ளே மாட்டிக்கொண்டிருந்த என்னிடம்.

இஞ்சின் சாப்பாட்டு மேசைமேல் குடியேறியது. தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள். சரஸ்வதி பூசைக்கு அக்கா அதற்குப் பொட்டு வைத்தார். திட்டம் மட்டும் நாளுக்கொரு திசையில் வளர்ந்தது.

முதலில் ஒரு டர்போ வாங்கி வந்தார். இஞ்சினில் பாதி அளவு இருந்தது.

"இது எந்தக் கார்ல இருந்து எடுத்தது?" என்று அக்கா கேட்டார்.

"கார் இல்ல... லாரி."

"மறுபடியும் லாரியா?" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த டர்போவை அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களை ஹாஃப்கட் என்பார்கள். அப்படி ஒன்றிலிருந்து, கைக்கு அடக்கமான இன்னொரு டர்போ வந்து டிவி பக்கத்தில் உட்கார்ந்தது. வருவோர் போவோருக்கெல்லாம் அண்ணன் பாடம் எடுத்தார். "இஞ்சின் விடுற புகை சும்மாதானே வெளிய போவுது? அது இந்தக் காத்தாடியச் சுத்தும். இது சுத்துனா புதுக் காத்து உள்ள போவும். வீணாப் போற மூச்சத் திரும்ப வேலைக்குக் கூப்புடுறோம், அவ்ளோதான்."

"நான் விடுற பெருமூச்சுக்கு ஒரு குழாய் மாட்டுங்க," என்றார் அக்கா. "தாப்பா என்ன, தாய்லாந்துக்கே போயிட்டு வரலாம்."

கேலி செய்தாலும் அக்கா நம்பிக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் என் மனைவியிடம் அலமாரியைத் திறந்து காட்டினாராம். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஸ்வெட்டர், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல். பினாங்கு வெயிலில் ஸ்வெட்டர் வாங்கி வைத்த ஒரே பெண்மணி அவராகத்தான் இருப்பார். நான் பொறுக்காமல் கேட்டேன், "பஸ்லயே போயிட்டு வந்திரலாமே அக்கா?"

"பஸ்ல போனா மேட்டுல இவரு மொகத்த எப்படிப் பாக்குறது தம்பி?"

பிறகு எனக்கு வேலை ஷா ஆலாமுக்கு மாறியது. எப்போது போன் செய்தாலும் அண்ணன் ஏதாவது ஒரு குழாய்க்காகக் காத்திருந்தார். போன வருடம் மழை நாளில் அக்காவுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. காரியத்துக்குப் போயிருந்தபோது இஞ்சின் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. யாரோ அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சென்ற மாதம் மறுபடி போனேன். மேசை காலியாக இருந்தது. கீழே சிவப்புக் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"முடிச்சிட்டீங்களா அண்ணே?"

"ரிங், கேஸ்கெட் மட்டுந்தான். ஆ செங் சொன்ன மாதிரியே."

"டர்போ?"

"ஒரு ஆளுக்கு எதுக்கு தம்பி? இந்த இஞ்சினே இழுக்கும்." டிவி பக்கத்தில் டர்போ தூசி இல்லாமல் பளபளவென்று இருந்தது.

பாலிக் புலாவுக்குப் போய் லக்சா சாப்பிடலாம் என்று என்னை ஏற்றிக்கொண்டார். என் இருக்கையின் முதுகில் கத்தரிப்பூ ஸ்வெட்டர் கிடந்தது. அதன்மேல் சாய மனம் வராமல் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாயா தெருபோங் தாண்டியதும் மேடு வந்தது. என் கை பழக்கத்தில் ஏர்கோன் பொத்தானுக்குப் போயிற்று.

"அடைக்காத தம்பி."

வண்டி இரண்டு பேரையும் இழுக்க முடியாமல் நடை வேகத்துக்கு இறங்கியது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனது. அண்ணன் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பழைய ஏர்கோன் என் முகத்தில் வெதுவெதுப்பாக ஊதிக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"குளிருதா?" என்று கேட்டார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"ரொம்பக் குளிருதுண்ணே."