கடை வாசலில் ஒரு கூடாரம்

"லீவும் கிடையாது, கீவும் கிடையாது. போய் வாசல்ல டெண்டை அடி!"

சொல்லிவிட்டு முதலாளி கங்காதரன் குடையோடு வெளியே போய்விட்டார். ஏன், எதற்கு என்று சொல்கிற வழக்கம் அந்த மனிதருக்கு என்றைக்குமே கிடையாது.

எத்திராஜுக்கு வயிறு எரிந்தது. அம்பத்தூர் ரயில் நிலையத்தருகே கூடாரம், மழைக்கோட்டு, ரப்பர் பூட்ஸ், முதுகுப்பை விற்கும் அந்தக் கடையில் ஆறு வருஷமாக மாடாய் உழைக்கிறான். தனிக்குடித்தனம் போய் மூன்று மாதமாகியும் அவனுக்கு ரேஷன் கார்டு இல்லை. பேர் இன்னும் அண்ணன் கார்டில்தான் இருந்தது. சர்க்கரைக்காக அண்ணி வீட்டு வாசலில் டம்ளரோடு நின்று, மனைவி வசந்தா வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சமல்ல. அன்று காலை அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இன்னிக்குக் கார்டு இல்லாம ஊட்டாண்ட வராதே!"

ரேஷன் ஆபீசுக்குப் போக அரைநாள் லீவு கேட்டதற்குத்தான் இந்தக் கூடாரம். முதலாளியின் மண்டையாக நினைத்துக்கொண்டு ஒவ்வொரு முளையையும் அடித்தான்.

நாலாவது முளை இறங்குவதற்குள், பழைய காகிதங்கள் பிதுங்கும் பையோடு முனியம்மா என்ற பெண் வந்து நின்றாள்.

"இன்னா நைனா, ரேஷன் கார்டு எழுதற எடம் இதானே?"

"இல்லம்மா. இது விக்கிற டெண்டு."

"போன மாசம் கள்ளிக்குப்பத்துல இதே மாதிரி டெண்டுலதான் எழுதனாங்கோ. எனக்கே காது குத்தறியா?"

பேச்சைக் கேட்டுப் பத்துப் பேர் கூடினார்கள். விற்பனைக்குத்தான் என்று புரிந்து தொலையட்டும் என்று விலை அட்டையைத் தொங்கவிட்டான் எத்திராஜ்.

"கார்டுக்கு நூத்தி நாப்பது ரூபாயா? பகல் கொள்ளையா கீதே!" என்று கத்தினார் ஒரு கொத்தனார். பத்துப் பேர் நாற்பது பேரானார்கள்.

உள்ளே ஒன்றுமே இல்லை என்று காட்ட, திரையைத் தூக்கிக் கட்டினான். நல்ல நிழல். இருபது பேர் உள்ளே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருத்தி தூளி கட்டிக் குழந்தையையே தூங்கப் போட்டுவிட்டாள்.

"எழுந்திருங்க! இன்னா, உங்க மாமியார் ஊடா இது?"

"கவர்மெண்டு டெண்டு. கேக்கறதுக்கு நீ யாரு?"

எத்திராஜுக்குக் கோபம் தலைக்கேறியது. கடைக்குள் ஓடி, சாரணர்களுக்கு விற்கும் விசிலை எடுத்துவந்து, கன்னம் வெடிக்க ஊதினான். அவ்வளவுதான், கூட்டம் எழுந்து ஒழுங்காக வரிசையில் நின்றுவிட்டது. ரயிலை விட்டு இறங்கியவர்களும், எதற்கென்று கேளாமலே பின்னால் போய் நின்றார்கள்.

"பாத்தியா, இவன்தான் ஆபீசரு! கடைக்காரன் மாதிரி வேசம் போட்டுகினு கீறான்" என்றாள் முனியம்மா.

"ஐயோ, எனக்கே கார்டு இல்லம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

"ஆபீசருக்கு எதுக்குக் கார்டு? அரிசி தானா ஊடு தேடி வருமே!" என்றார் கொத்தனார்.

கார்டில்லாமல் நாய்படாத பாடு படுகிறவனிடம் வந்து கார்டு கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? எத்திராஜ் ஒரு பெட்டியின்மேல் ஏறினான்.

"கார்டு எழுதறதை மேனாம்பேட்டுக்கு மாத்திட்டாங்கோ! மொதல்ல போறவங்களுக்குத்தான் கெடைக்கும். ஓடுங்கோ!"

தூளியும் குழந்தையும் உட்பட மொத்தக் கூட்டமும் புழுதி பறக்க ஓடியது. ஐந்து நிமிடத்தில் தெருவே காலி. அன்றைக்கு முதல்முறையாக எத்திராஜ் சிரித்தான்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. கை நிறைய விண்ணப்பங்களோடு இறங்கிய அதிகாரி கூடாரத்தைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"கார்டு எழுத வந்திருக்கோம். ஜனங்க எங்கேப்பா?"

எத்திராஜ் விசிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"அம்பது பேராவது இருந்தாத்தான் எழுதலாம்னு ரூல். இங்க ஈ, காக்கா இல்லை. டிரைவர், வண்டியைத் திருப்பு!" ஏறி உட்கார்ந்த அதிகாரி, எரிச்சலோடு தலையை வெளியே நீட்டினார்.

"'எங்க எத்திராஜுக்கு லீவு குடுக்க முடியாது, நீங்க ஆபீசையே கடை வாசலுக்குக் கொண்டாங்க'ன்னு ஒரு வாரமா உயிரை எடுத்தாரே உங்க முதலாளி, அந்த எத்திராஜ்கூட வரலைன்னு அவர்கிட்ட சொல்லு!"