லென்ஸண்ணனின் வலது கண்

மேற்கு மலையில் முளைக்கிற பூசணம் அத்தனையும் யாராவது ஒருவரைக் கண்டு நடுங்கியது என்றால், அது எங்கள் போடி லென்ஸண்ணனைக் கண்டுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊருக்கு அவர் லென்ஸண்ணன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஏலக்காய்க் கடைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது அவர் கடை. பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்குவார், பழுது பார்ப்பார், மனசு வந்தால் விற்பார். மனசு வருவதுதான் அபூர்வம். பெங்களூரிலிருந்து தேடி வந்த ஒருவர், "ஷெல்ஃப்ல வச்சா அழகா இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "அழகுக்குன்னா பூச்சாடி வாங்கி வைங்க தம்பி" என்று கேமராவைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டார் அண்ணன்.

ஏலக்காய் வியாபாரி சரக்குப் பார்ப்பது போலத்தான் கேமரா பார்ப்பார். காதோரம் வைத்துக் குலுக்குவார். மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். கடைசியில் வலது கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு, உள்ளே பூசணம் படர்ந்திருக்கிறதா என்று லென்சுக்குப் பின்னால் டார்ச் அடிப்பார். ஒருமுறை மலை மேலே எஸ்டேட் பங்களாவிலிருந்து கேமரா விற்க வந்த மலையாளக் கண்காணி, "நல்ல கேமராவாணு சேட்டா, ஒரு கொழப்பமும் இல்லா" என்றார். அண்ணன் டார்ச்சை அணைத்துவிட்டு, "கொழப்பம் இல்லதான். ஆனா உள்ள ஒரு குடும்பமே குடியிருக்கே" என்றார்.

வாங்கிய கேமராவைக் காய்ந்த ஏலக்காய்த் தோல் நிரப்பிய தகர டின்னில் புதைத்துவைப்பார். ஈரத்தை அது உறிஞ்சிவிடுமாம். பூசணம் செத்ததோ இல்லையோ, அவரிடம் வாங்கிய என் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோனாலே பாயச வாசம் அடிக்கும். கல்யாண வீடுகளில் படம் எடுக்கிறபோது எனக்குத்தான் முதலில் பசிக்கும்.

தொழிலில் அவருக்கு இரண்டு சட்டங்கள். ஒன்று, ஒரிஜினல் லென்சை மாற்றவே கூடாது. கழற்று, துடை, மாட்டு. இரண்டாவது, கழற்றிய பழைய பாகம் எதுவானாலும், மக்கிப்போன ஸ்பாஞ்சே ஆனாலும், ஃபிலிம் டப்பாவில் போட்டு உடையவரிடம் கொடுத்துவிட வேண்டும். "கழட்டுனதக் கையில குடுத்துரணும் அப்பு. இல்லேன்னா நம்ம யோக்கியத என்னாகுறது?" என்பார்.

இப்படிப்பட்டவருக்குப் போன மழைக்காலத்திலிருந்து எதைப் பார்த்தாலும் பூசணமாகத் தெரிய ஆரம்பித்தது. ஷட்டர் மாட்டிக்கொண்டது என்று என் கேமராவைக் கொண்டுபோனேன். "லென்சு பூரா பூசணம்" என்றார். நான் பார்த்தேன், பளிங்கு மாதிரி இருந்தது. "ஒனக்குத் தெரியாது. நீ ஒஞ்சோலியப் பாரு" என்று விரட்டினார். எதிர்க்கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியில் பூசணம், ஜீப்பு ஹெட்லைட்டில் பூசணம். "புதுசா வாங்குன கண்ணாடி டம்ளர லைட்டுல காமிச்சுப் பூசணம்ங்கிறாரு. நான் யார்ட்டப் போயிச் சொல்ல?" என்றார் லென்ஸண்ணனின் மனைவி. அவரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அண்ணி விவரமானவர். கண் முகாமுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வலது கண்ணில் புரை என்றார்கள். பழைய லென்சை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பார்வைக்கே ஆபத்து என்றார்கள். அவ்வளவுதான், லென்ஸண்ணன் எழுந்துவிட்டார்.

"ஒரிஜினல மாத்துறதா? கழட்டித் தொடச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு இருந்தாச் சொல்லுங்க, வர்றேன்!"

அப்புறம் யார் சொல்லியும் கேட்கவில்லை. முகாமில் அடித்த டார்ச்சே சரியில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஒருநாள் மத்தியானம் கடை பாதி சாத்தியிருந்தது. உள்ளே அண்ணன் தன் சொந்தக் கேமராவின் லென்சைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் அண்ணியை முதன்முதலாகப் படம் பிடித்த கேமரா அது. எவ்வளவு விலை கேட்டாலும் கொடுக்காத ஒன்று.

"காலையிலருந்து தேய்க்கிறேன் அப்பு. பூசணம் போகவே மாட்டேங்குது."

வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். பூசணம் ஒரு பொட்டுகூட இல்லை. கண்ணாடிக்கு மேலிருந்த ஊதா நிறப் பூச்சு நடுவில் தேய்ந்துபோய், மெல்லிய கீறல்கள் விழுந்திருந்தன.

"அண்ணே, இடது கண்ணால ஒருதரம் பாருங்களேன்."

"அது சும்மா கெடக்குற கண்ணுப்பா. அதுக்கென்ன தெரியும்?"

"எனக்காகப் பாருங்கண்ணே."

பூதக்கண்ணாடியை இடது கண்ணுக்கு மாற்றிக்கொண்டார். பார்த்தார். வலது கண்ணுக்கு மாற்றினார், மறுபடி இடதுக்கு வந்தார். பிறகு லென்சை மெதுவாகத் துணிமேல் வைத்தார்.

"நல்லா இருந்த கண்ணாடியக் கெடுத்துப்பிட்டேனே" என்றார். துணியை மடித்து அதன்மேல் போர்த்திவிட்டு, "அப்ப இத்தன நாளா நான் தொடச்ச எதுலயும் பூசணம் இல்லையா?"

"கொஞ்சத்துலயாவது இருந்திருக்கும்ணே" என்றேன். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று அவருக்கும் தெரிந்தது. அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"சரி, ஆஸ்பத்திரிக்கு வெரசாக் கூட்டிட்டுப் போ. ஆனா கழட்டுனதக் கையில குடுத்துரச் சொல்லணும்."

தேனி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஐயா, அதை உள்ளேயே பொடியாக்கி உறிஞ்சி எடுத்துருவோம். கையில குடுக்க ஒண்ணும் மிஞ்சாது" என்றார்.

"ஆயுசு பூரா ஒழச்ச கண்ணாடிம்மா! பொடியாக்குறேன்னு சாதாரணமாச் சொல்றீங்க!"

புது லென்சின் நம்பர் அட்டையைத் தருவதாக ஒருவழியாகச் சமாதானம் ஆனது. "இதுல பூசணம் பிடிக்குமா?" என்று கேட்டார். பிடிக்காது என்றார் டாக்டரம்மா. "எங்க மலையில மழைய நீங்க பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

கட்டுப் பிரித்ததும் பழக்கதோஷத்தில் இடது கண்ணை மூடிக்கொண்டு, எதிரே நின்ற அண்ணியை வலது கண்ணால் பார்த்தார். லென்ஸ் பார்ப்பது போலவே, நிதானமாக.

"ம். சுத்தமா இருக்கு."

"டார்ச்சு வேணும்னா தாரேன், அடிச்சுப் பாருங்க" என்ற அண்ணி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும், பூசணம் என்று தான் சொல்லியிருந்த ஒவ்வொருவருக்காகப் போன் போட்டார். "ஒங்க லென்சுல ஒண்ணுமில்ல, என்னோடதுலதான் இருந்துச்சு" என்று கூச்சப்படாமல் சொன்னார். கீறல் விழுந்த லென்சை மட்டும் இன்றுவரை மாற்றவில்லை. படம் புகை மூட்டமாகத்தான் விழுகிறது. அண்ணியை அதில்தான் எடுக்கிறார். கண்ணில் வைத்த புது லென்சின் அட்டையோ ஒரு ஃபிலிம் டப்பாவுக்குள் சுருண்டு கல்லா மேல் உட்கார்ந்திருக்கிறது.

என் கேமராவுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மலையில் மழை இறங்கியதும் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன்.

"பூசணம் இருக்கான்னு பாருங்கண்ணே."

டார்ச் அடித்துப் பார்ப்பார். "சுத்தமா இருக்குப்பா. இதுக்கா மழையில நனஞ்சுட்டு வந்த?"

இதுக்குத்தான் அண்ணே.