பருத்திக் காட்டில் விழுந்த கம்பி

தன் வீட்டிலிருந்து ஈ காக்கா கூடக் காரியாபட்டிக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது என்று சௌடையா முடிவு செய்தார். வீட்டில் இருந்தது அவரும் மனைவி கங்கம்மாளும்தான். ஆகவே அது கங்கம்மாள் போகக்கூடாது என்கிற முடிவு.

கல்யாணம் கங்கம்மாளின் அண்ணன் மகளுக்கு. ஒரே அண்ணன், ஒரே மகள். அழைக்க வந்த அண்ணன் சென்னய்யா, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வெற்றிலை பாக்கைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போது சௌடையா வீட்டுக்குள்தான் இருந்தார். சட்டை போட்டுக்கொண்டு, கூப்பிட்டதும் வெளியே வருவதற்குத் தயாராகக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை.

இதைக் காரணமாகச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. வேறு காரணம் வேண்டியிருந்தது. அது ஊருக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது.

மலையிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் கம்பி, பாளையம்பட்டியில் அவர் வீட்டுக்குப் பின்னால் கரிசல் காட்டில் இரும்புக் கோபுரங்களின் மேல் ஏறிப் போயிருந்தது. யுத்தத்தால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்த நாளிலிருந்து சௌடையாவின் நூல் கடையில் நூலைவிடப் பேச்சுத்தான் அதிகம். லைன் ஓவர்சீயர் அங்கே வந்து வெற்றிலை போடுவார். அவர் துப்பியது போக மீதி நேரத்தில் சொன்னதையெல்லாம் சௌடையா மனதில் வாங்கி வைத்திருந்தார்.

வீட்டில் அவர்கள் பேசுவது கன்னடம். சண்டையை மட்டும் தமிழில் போடுவார்கள். அடுத்த வீட்டுக் கோகிலாம்பாளுக்கும் விளங்கினால்தான் அது சண்டை.

“ரோட்டுக்குக் குறுக்கே லைன் போகுது, கங்கா. கழுத்துல தங்கத்தோட அதுக்கு அடியில போனா மேலேருந்து இழுத்துரும்.”

இது ஓவர்சீயர் சொன்னதல்ல. சௌடையா தாமாகச் சேர்த்தது.

“எதை இழுக்கும்?”

“தங்கத்தை. அது கழுத்துல இருந்தா உன்னையும்.”

“தினம் பஸ்ஸு போகுதே. அது பூராவும் இரும்புதான?”

“இரும்பு வேற.”

“காக்கா அந்தக் கம்பியிலயே உக்காந்திருக்கே, அது எப்படி?”

இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்தது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “காக்காய்க்கு ரெண்டு காலும் ஒரே கம்பியில. தரையோட அதுக்குச் சம்பந்தமில்ல. இறங்கிப் போறதுக்கு வழியில்லாத இடத்துல மின்சாரம் என்ன செய்யும்? நாம தரையில நிக்கிறவங்க. நம்ம வழியா இறங்கிப் போயிரும்.”

“கம்பி அறுந்து கீழ விழுந்தா?”

“கேட்டியே. குளத்துல கல்லைப் போட்டா வட்டம் வட்டமாப் போகும்ல? அதே மாதிரி விழுந்த இடத்துலேருந்து மண்ணுல பரவும். கிட்டக்க வேகம் ஜாஸ்தி, தள்ளிப் போகப் போகக் குறைச்சல். ஒரு காலை இங்கயும் ஒரு காலை அங்கயும் எட்டி வச்சா, இந்தக் கால் வழியா ஏறி அந்தக் கால் வழியா இறங்கும்.”

“நடுவுல?”

“நடுவுல நீதான். ஆடு மாடுக்கு இன்னும் மோசம். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் எவ்வளவு தூரம் பாரு.”

“அப்ப மனுசன் என்னதான் செய்யணும்?”

“ரெண்டு காலையும் ஒட்ட வச்சுக்கணும். ஓடக்கூடாது. தரையை விட்டுக் காலை எடுக்காம, உள்ளங்காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு இம்மி இம்மியா நகரணும்.”

“ரொம்ப நேரமாகுமே.”

“உசிரு பெரிசா, நேரம் பெரிசா?”

கங்கம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “அதுவும் சரிதான். நான் போகல.”

இவ்வளவு சுருக்கில் ஜெயித்தது சௌடையாவுக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

கல்யாணத்தன்று காலை. அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கங்கம்மாள் பின்வாசல் வழியாக வந்தாள். வீட்டுக்குப் பின்னால் அவர்களுடைய பருத்திக் காடு. அதன் மறுகோடியில் காரியாபட்டி வழியாகப் போகும் மதுரை ரோடு.

“ஏங்க, நம்ம காட்டுல என்னமோ நீளமாக் கிடக்கு. கொடியா, கம்பியான்னு எனக்குத் தெரியல. விவரம் தெரிஞ்சவுக பார்த்தாத்தான்.”

விவரம் தெரிந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு முன்னால் நடந்தார். கங்கம்மாள் பின்னால் வந்தாள். செடிகள் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தன.

“இன்னும் கொஞ்சம் போங்க. இன்னும். அங்கனதான் எங்கயோ.” பிறகு சாதாரணமாகச் சொன்னாள்: “உங்க காலுக்குப் பக்கத்துல.”

கம்பி. விரல் தண்டியில், வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது.

சௌடையாவின் இரண்டு கால்களும் தாமாகவே சேர்ந்துகொண்டன. மேலே பார்த்திருக்கலாம். தலையைத் தூக்கினால் கால் அகன்றுவிடுமோ என்று பயம்.

“கங்கா, அசையாத. காலைச் சேர்.”

கங்கம்மாள் குனிந்தாள். ஒரு பருத்திச் செடியின் அடியிலிருந்து துணி மூட்டை ஒன்றை எடுத்தாள். பட்டுச்சேலையின் கரை அதில் வெளியே தெரிந்தது. மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். சிறு அடியாகக்கூட இல்லை. வாய்க்கால் தாண்டுகிறவள் மாதிரி எட்டி எட்டி வைத்தாள்.

அவருக்கு வெற்றிலை மறந்தது, சென்னய்யா மறந்தது. அவள் விழப்போகிறாள். அடுத்த அடியில் விழுவாள். அதற்கடுத்ததில். பிடிக்க ஓட முடியாது, தொடவும் கூடாது. வாழ்நாளில் அவளுடைய பாதங்களை அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அவள் விழவில்லை.

அவர் தேய்த்துத் தேய்த்து நகர ஆரம்பித்தார். காடு முழுக்க நெருஞ்சி. காலைத் தூக்கி வைத்தால் முள்ளுக்கு விலகலாம். தூக்கக் கூடாதே. ஒவ்வொரு முள்ளையும் விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.

பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. கங்கம்மாள் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். பஸ் மதுரைப் பக்கம் போயிற்று.

அப்போது யாருடையதோ ஒரு வெள்ளாடு செடிகளுக்குள் புகுந்து வந்தது. கம்பியை முகர்ந்தது. நான்கு கால்களையும் அகட்டி அதன் மேல் நின்றுகொண்டு, ஒரு காயைக் கடித்து மென்றது. அதன் வாய் அசைவதைச் சௌடையா பார்த்துக்கொண்டேயிருந்தார். அது தின்று முடித்துவிட்டு அவரையும் ஒரு தடவை பார்த்தது.

மெதுவாகத் தலையைத் தூக்கினார். கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு எல்லாக் கம்பிகளும் ஒழுங்காகத் தொங்கின.

கீழே கிடந்தது லைன்காரர்கள் வெட்டிப் போட்டுவிட்டுப் போன துண்டு. மண்ணில் அதை இழுத்து வந்த தடம் இருந்தது. தடம் பிடித்துப் போனார். அது அவர் வீட்டுப் பின்வாசலில் கொண்டுபோய் விட்டது.

அங்கே உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கினார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோகிலாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே, கங்கம்மாளைக் காணோம்?”

சௌடையா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“அண்ணன் மகள் கல்யாணமில்ல? போகாம இருந்தா நல்லாவா இருக்கும்? நான்தான் போயிட்டு வான்னு சொல்லி, கூடவே போயி பஸ்ஸு ஏத்தி விட்டுட்டு வாரேன்.”

“ஆமாண்ணே,” என்றாள் கோகிலாம்பாள். “இப்படித்தான் சொல்வீகன்னு நேத்தே சொன்னா. மறுத்துப் பேசிராதேன்னும் சொல்லிட்டுத்தான் போனா.”