கத்தினால் வாழைப்பழம் தரும் ஊரில் ஜிப் பாய்

அஸ்தினாபுரத்தில் ஜிப் பாயிடம் திட்டு வாங்காமல் வெளிநாடு போனவர் ஒருவரும் இல்லை. பாஸ்போர்ட், விசா, பாயின் வசவு. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் எங்கள் தெருக்காரன் விமானம் ஏற முடியும். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பெட்டி, பை ரிப்பேர் செய்யும் சின்னக் கடை அவருடையது. உள்ளே ஒரே ஒரு ஸ்டூல். அதில் அவரைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தே வியாதியைச் சொல்லிவிடுவார்.

"இது ஏர்போர்ட்ல தூக்கிப் போட்டதில்ல சார். உள்ள ஊறுகாயா அடுக்கிட்டு, மேல ஏறிக் குந்திகினு ஜிப்ப இழுத்துகீற. உண்மையச் சொல்லு, நீ குந்துனியா, வூட்டுக்காரம்மா குந்துச்சா?"

இருவருமேதான் உட்கார்ந்தோம். தெருவில் நின்று எப்படிச் சொல்வது?

புது ஜிப்பைத் தைத்து, மெழுகுவத்தித் துண்டால் தேய்த்து, நம் கையாலேயே பத்து முறை திறந்து மூட வைப்பார். ஏழாவதில் சலித்துக்கொண்டால் மறுபடி ஒன்றிலிருந்து. பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் எனக்குத் தனி மரியாதை உண்டு: பதினைந்து முறை.

ஒரு நாள், மேல்படிப்புக்குத் தனியாகக் கிளம்பும் ஒரு பெண் சிக்கினாள். "பொட்டியே மூடத் தெரியல, நீ தனியா நாடு தாண்டப் போறியா?"

அவள் எட்டாவது முறை மூடிக்கொண்டே கேட்டாள். "நீங்க தனியா எந்த நாட்டுக்குப் போயிருக்கீங்க அங்கிள்?"

பாய் செங்கல்பட்டைத் தாண்டியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ சிரித்துவிட்டார்கள். நான்தான்.

"போறேன்!" என்று கர்ஜித்தார். "பத்து நாளு, தனியா. நடுவுல ஓடியாந்தேன்னு வையி, இந்தக் கடைல இனிமே ஒருத்தரையும் திட்ட மாட்டேன். சத்தியம்!"

பாஸ்போர்ட் வருவதற்குள் ஆறிவிடுவார் என்று நினைத்தோம். ஆறவில்லை. டிக்கெட் மலிவாகக் கிடைத்ததால் வியட்நாம் என்று முடிவாயிற்று. சிரித்த குற்றத்துக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான். இரண்டாம் நாளே அவர் திரும்பி வந்துவிட வேண்டும் என்று தெருவே வேண்டிக்கொண்டது.

முதல் நாளே வாட்ஸப்பில் குரல் வந்தது. "இன்னா சார் ஊரு இது! பாத்ரூம்ல தண்ணி மொள்ள ஒரு மக்கு இல்லன்னு கத்தறேன், லாட்ஜ்ல கீற பொண்ணு சிரிச்சிகினே வாழப்பழம் குடுக்குது. வாழப்பழம் எதுக்குன்னு கத்தறேன், இன்னொண்ணு குடுக்குது!"

இரண்டாம் நாள்: "ரோட்ட தாண்ட முடியல சார். நம்ம ஜிஎஸ்டி ரோட்ல ஒரு சவுண்டு வுட்டா வண்டி நிக்கும்ல? இங்க நடு ரோட்ல நின்னு கத்தறேன், அத்தினி வண்டியும் தண்ணி மாதிரி என்னச் சுத்திகினு பூடுது!"

நான்காம் நாள் காலை ஆறு மணிக்குப் போன். பாயின் குரல் தணிந்து நான் கேட்டது அன்றுதான்.

"சார், டிக்கெட்ட மாத்திக் குடு. வந்துடறேன்."

"என்ன ஆச்சு பாய்?"

"ஒண்ணியும் ஆவல. அதான் பேஜாரு. நாலு நாளா ஒருத்தன் கூட என்னத் திருப்பித் திட்டல. நான் கீறேனா இல்லியான்னே டவுட்டா கீது."

தெருவின் விடுதலை என் விரல் நுனியில் இருந்தது. இரண்டு பட்டன் தட்டினால் போதும். அப்போதுதான் எங்கிருந்தோ எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

"என்ன பாய் நெனச்சிட்டிருக்கீங்க? என்னைப் பதினஞ்சு தடவை மூட வெச்சீங்களே, உங்களால பத்து நாள் முடியாதா? நீங்க போட்ட ஜிப்பே மூணு மாசம் தாங்குது. நீங்க நாலு நாள் தாங்கலையா?"

பாயின் குரல் சட்டென்று எகிறியது.

"மூணு மாசமா? எவன்யா சொன்னான்? என் ஜிப்பு பத்து வருசம் ஓடும்யா! ஊறுகா மேல குந்துன ஆளு நீ, என் ஜிப்பப் பத்திப் பேசறியா?"

இருபது நிமிடம் திட்டினார். நானும் விடவில்லை. என் மனைவி எழுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கடைசியில் மூச்சு வாங்க, "சரி சார், நான் போயி டிபன் துன்றேன். நாளைக்கும் இதே டைமுக்குப் போடறேன்" என்றார்.

அதன் பிறகு தினமும் காலை ஆறு மணிக்குச் சண்டை. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று நான் முந்தின நாளே யோசித்து வைக்க வேண்டியிருந்தது. எட்டாம் நாள் அவரே ஆரம்பித்தார். "ரோட்ட தாண்டக் கத்தவே வாணாம் சார், பேசாம நடந்தாலே பூடலாம். இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா உனுக்கு?"

பத்து நாளும் முடித்துத்தான் வந்தார். கடை திறந்த அன்று, ஜிப் பிய்ந்த பெட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றேன். ஒரு முறைதான் திருப்பிப் பார்த்தார்.

"இது ஏர்போர்ட்டும் இல்ல, ஊறுகாயும் இல்ல. கட்டிங் பிளேயர் போட்டு இழுத்துகீற. நல்லா கீற ஜிப்ப எவனாவது பிப்பானா? அறிவு கீதா சார் உனுக்கு?"

பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும்படி திட்டிக்கொண்டே, அந்த ஒற்றை ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார் பாய்.